சாப்பாட்டுக்குப் பின் ஜெபம்

“எல்லாப் பிள்ளைங்களும் சாப்பிட்டாச்சு. நீங்க எப்ப சாப்பிடுவீங்க அத்தே?”

போர்டிங்கில் சேர்ந்த புதிதில் சிந்தியா கேட்ட கேள்வி இது. நோரா அப்போது அந்தக் கான்வென்ட் போர்டிங்கின் மேட்ரன். சிந்தியாவின் அப்பாவுக்கு அக்கா. கையில் கரண்டியோடு இரண்டு பெஞ்சு வரிசைகளுக்கு நடுவில் நடந்துகொண்டிருந்தவள் பதில் சொல்வதற்குள் சமையல்கட்டில் ஏதோ பாத்திரம் விழுந்தது. சத்தம் வந்த பக்கம் போய்விட்டாள். சிந்தியாவும் அப்புறம் கேட்கவில்லை. குழந்தைகள் கேட்பதில் பாதி இப்படித்தான், பதில் இல்லாமல் எங்கோ ஓரத்தில் படுத்துக்கொள்ளும். ஆண்டவர் எழுப்பும்போது எழுந்து வரும்.

நோரா அத்தை இப்போது எண்பதைத் தாண்டிவிட்டாள். ரிச்சர்ட்ஸ் டவுனில் ஒரு பழைய வீட்டின் பின்பகுதியில் சிந்தியாவோடு இருக்கிறாள். சிந்தியாவின் கணவர் காலமாகிச் சில வருடங்கள் ஆயிற்று. மகள் மைசூரில் படிக்கிறாள். கேக், ரோஸ் குக்கீஸ், கல்கல் என்று வீட்டிலேயே செய்து விற்பதுதான் சிந்தியாவின் பிழைப்பு. நவம்பர் பிறந்தால் வீடு முழுக்க ஊறவைத்த திராட்சையும் ரம்மும் மணக்கும். வெளியே விட்டுவிட்டுத் தூறும். கிழக்குப் பக்கம் ரயில் போகும்போது ஜன்னல் கண்ணாடி மெல்ல அதிரும்.

அத்தைக்குக் கண்ணின் நடுப்பகுதி போய்விட்டிருந்தது. ஓரத்தில் மட்டும் கொஞ்சம் தெரியும். எதிரில் நிற்பவரின் முகம் நனைந்த காகிதம் மாதிரி கலங்கிக் கிடக்கும் என்பாள். அதையும் சிரித்துக்கொண்டுதான் சொல்வாள். போர்டிங்கில் கூடவே வேலை பார்த்த சமையல்காரி பிலோமினா தினம் காலையில் போன் பண்ணுவாள். இருவரும் கன்னடமும் தமிழும் கலந்து ஊரையே கழுவி ஊற்றுவார்கள். மழைக்காலத்தில் பிலோமினா இறந்துபோனாள். அதற்குப் பிறகு அத்தை போன் இருக்கும் பக்கம் திரும்புவதே இல்லை. பேச்சு குறைந்தது. கல்லறைத் திருநாளுக்குப் போய் பிலோமினாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வந்த மறுநாள், சாப்பாடும் நின்றது.

“ஆறிப்போகுது அத்தே. ஒரு வாய் எடுங்க.”

“அவங்களை வெச்சுக்கிட்டு எப்பிடிடீ சாப்பிடறது?”

“யாரை வெச்சுக்கிட்டு?”

அத்தை மோவாயால் மேஜையின் அந்தப் பக்கத்தைக் காட்டினாள். காலி நாற்காலிகள் இருந்தன. அப்பால் சுவர். சுவரில் இருதய ஆண்டவர் படம்.

“பிள்ளைங்க. ரெண்டு வரிசையா உட்கார்ந்திருக்காங்க. இந்த ரூமுல எடம் பத்தலை. செவுத்துக்குள்ள போயி அந்தப் பக்கமும் உட்கார்ந்திருக்காங்க.”

சொன்ன குரலில் பயமே இல்லை. சிந்தியாவுக்கு அதுதான் பயமாக இருந்தது. நல்ல உச்சி வேளை. மாவு படிந்த அவள் கைகளில் மயிர் குத்திட்டு நின்றது.

“எப்பிடி இருக்காங்க அத்தே?”

“சாம்பல் கலர் யூனிபாரம். ரெட்டைப் பின்னல். உன் மூஞ்சிகூட எனக்குச் சரியாத் தெரியமாட்டேங்குது, அவங்க ரிப்பன் முடிச்சு தெரியுது. பித்தான்ல நூலு பிரிஞ்சிருக்கறது தெரியுது. ஒண்ணுகூடக் கண்ணு சிமிட்டலை. எல்லாம் என்னையே பார்க்குது.”

வாய் திறந்து எதுவும் கேட்பதில்லையாம். பேசுவதும் இல்லையாம். காலையில் இட்லி வைக்கும்போது வருகிறார்கள், மதியம் வருகிறார்கள், இரவும் வருகிறார்கள். தட்டு வைத்தால் வருகிறார்கள்.

“எனக்குத் தெரியும்டீ, அவங்க இல்லை,” என்றாள் அத்தை ஒரு நாள், தானாகவே. “நான் என்ன பைத்தியமா? உங்க அப்பன்தான் குடிச்சுட்டா செவுத்தோட சீட்டாடுவான். நான் நல்லாத்தான் இருக்கேன். ஆனா, இல்லாத பிள்ளைங்களா இருந்தாலும், எதிர்ல உட்கார்ந்து பார்த்துக்கிட்டு இருக்கையில வாயில சோறு எறங்கமாட்டேங்குது.”

கண் டாக்டர் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். அங்கே முதியோரைப் பார்க்கிற டாக்டர் ஒரு மைசூர்க்காரம்மா, தமிழும் பேசுவாள். அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டு பொறுமையாக எல்லாவற்றையும் கேட்டாள். பிறகு சிந்தியாவிடம் சொன்னாள்.

“பேய் இல்ல, பைத்தியமும் இல்ல. கண்ணு படம் அனுப்பலேன்னா மூளை தன்கிட்ட இருக்கற பழைய படத்தைப் போட்டுக்கும். நிறைய பேருக்கு வருது, வெளிய சொல்லப் பயப்படறாங்க, அஷ்டே, அவ்ளோதான். ஆனா மனசு ரொம்பச் சோர்ந்திருக்கு, அதுக்கு மாத்திரை தர்றேன். வீட்டுல நல்லா வெளிச்சம் வைங்க. தனியா விடாதீங்க. நீங்களும் பார்க்கறேன்னு பொய் சொல்லாதீங்க. இல்லவே இல்லேன்னு சண்டையும் போடாதீங்க. அவங்க என்ன பண்றாங்கன்னு கேளுங்க. அவ்வளவுதான். எடை மட்டும் இன்னும் இறங்கக் கூடாதம்மா. இறங்கினா தாங்கமாட்டாங்க.”

சிந்தியா வெளிச்சம் வைத்தாள். மாத்திரை கொடுத்தாள். என்ன பண்றாங்க என்று கேட்க மட்டும் அவளுக்குத் தைரியம் வரவில்லை. கேட்டால் அவர்களுக்கு நாற்காலி போட்ட மாதிரி ஆகிவிடுமோ என்று தோன்றியது.

ஞாயிற்றுக்கிழமை தம்பி டிரேவர் வந்தான். பொம்மசந்திராவில் ஒரு கம்பெனியில் ஷிஃப்ட் சூப்பர்வைசர். நல்ல மனசு, ஆனால் எதையும் மிஷினை ரிப்பேர் பார்ப்பது போலத்தான் பார்ப்பான்.

“எங்க இருக்காங்க? இங்கயா?” என்று நாற்காலிக்கு மேலே கையை வீசினான். “பாருங்க அத்தே, காத்து. யாருமில்ல. இங்கயும் யாருமில்ல.”

அத்தை அலறினாள். “அடிக்காதடா! சாப்பாட்டு எடத்துல பிள்ளையை அடிக்காத!”

டிரேவரின் கை அந்தரத்தில் நின்றது. கொஞ்ச நேரம் அதைத் தன் கையாகவே அவன் பார்க்கவில்லை. சட்டையில் துடைத்துக்கொண்டு, அக்காவைச் சமையல்கட்டுக்கு இழுத்துப் போனான்.

“இதெல்லாம் உன்னால ஆவாது, சிந்தி. எங்க கம்பெனி தாண்டி சிஸ்டருங்க நடத்தற ஹோம் ஒண்ணு இருக்கு. நர்ஸ் இருக்காங்க. டெய்லி ஷிஃப்ட் முடிச்சு நான் போய்ப் பார்ப்பேன்.”

“அத்தை கூட்டத்துலயே இருந்து இருந்து அலுத்துப் போனவங்கடா. கடைசி காலத்துல திரும்பவும் பெல்லு, வரிசை, டார்மிட்டரியா?”

“பட்டினியாச் சாகறதுக்கு அது மேல்தானே?”

சிந்தியா அடுப்பைத் தணித்தாள்.

“அடுத்த சண்டே வர்றேன். என் கண்ணு முன்னாடி ஒரு தட்டு சோறு சாப்பிட்டாங்கன்னா நான் வாயைத் தொறக்கமாட்டேன். இல்லேன்னா மண்டே கூட்டிட்டுப் போயிடுவேன். நீ அழுதாலும் சரி.”

அவன் போன பிறகு எதிர்வீட்டு சோனியா வந்தாள். ஜெபக் கூட்டம் நடத்துகிறவள். பத்துத் தெருவில் யாருக்குக் காய்ச்சல் என்றாலும் முதலில் கஞ்சியோடு வந்து நிற்பவள். கல்லறையிலிருந்து ஏதோ கூடவே வந்துவிட்டது என்று அவளுக்குச் சந்தேகமே இல்லை.

“சாப்பாட்டு நேரத்துலதானே வருது? அப்போ சாப்பாட்டுக்கு முன்னாடிதான் ஜெபிக்கணும்,” என்றாள்.

மறுநாள் மதியம் நாலைந்து பெண்கள் மேஜையைச் சுற்றி நின்றார்கள். சாப்பாட்டுக்கு முன் சொல்கிற ஜெபத்தைக் கையை உயர்த்திச் சத்தமாகச் சொன்னார்கள். முடித்து, மறுபடி ஆரம்பித்தார்கள். சோனியா தீர்த்தம் தெளித்தாள். ஒவ்வொரு தடவை ஜெபம் தொடங்கும்போதும் அத்தை பதறிப்போய் எழுந்திருக்கப் பார்த்தாள்.

“போதும்மா, போதும். சொல்லச் சொல்ல இன்னும் வர்றாங்க. எடமில்லாம நிக்கறாங்க. யாரு பரிமாறுவா?”

சோனியாவின் கையிலிருந்த தீர்த்த பாட்டில் நழுவி உருண்டது. அதை எடுக்காமலே அவர்கள் கிளம்பிப் போனார்கள். அன்று அத்தை தண்ணீர்கூடக் குடிக்க மறுத்தாள். கன்னம் ஒட்டி, தோள்பட்டை எலும்பு ஜாக்கெட்டுக்குள் ஹேங்கர் மாதிரி தெரிந்தது.

வியாழக்கிழமை சிந்தியா கல்கல் மாவைப் பிசைந்து அத்தையின் முன்னால் வைத்தாள். கையாவது வேலை செய்யட்டும் என்று. புதுச் சீப்பின் பல்லில் ஒரு சிட்டிகை மாவை வைத்து அழுத்தி உருட்டினால் வரி வரியாகச் சங்கு போல் சுருளும். அதற்குக் கண் தேவையில்லை. அத்தையின் விரல்கள் கொஞ்சம் தடுமாறி, பின் வேகம் பிடித்தன. தூறல் ஓட்டில் விழுந்துகொண்டிருந்தது. எண்ணெய் காய்ந்தது.

“உன்து பெரிசு பெரிசா இருக்குமே. நத்தை மாதிரி,” என்றாள் அத்தை.

“கண்ணு தெரியலேங்கறீங்க, என் கல்கல் மட்டும் தெரியுதா?”

“அது தெரியணுமா? சின்னதுலருந்தே உனக்கு அவசரக் கை.”

ரொம்ப நாளைக்குப் பிறகு வந்த கிண்டல். அந்தத் தைரியத்தில் சிந்தியா மனசுக்குள் சிலுவை போட்டுக்கொண்டு கேட்டுவிட்டாள்.

“அத்தே, அந்தப் பிள்ளைங்க… என்னதான் பண்றாங்க?”

“பண்றதென்ன? உட்கார்ந்திருக்காங்க.”

“பசியாவா?”

“பசி எங்க? எல்லாம் சாப்பிட்டாச்சு. தட்டெல்லாம் காலி. எழுந்திருக்கச் சொல்லலையே, அதான் உட்கார்ந்திருக்காங்க.”

“யாரு சொல்லணும்?”

அத்தை அவள் பக்கம் திரும்பினாள். மேட்ரனின் பழைய அதட்டல் குரலில் எட்டிப் பார்த்தது. “நீ போர்டிங்லதானே வளர்ந்தே? சாப்பிட்டு முடிச்சா நன்றி ஜெபம் சொல்லணுமா வேணாமா? அதைச் சொன்னாத்தானே பெஞ்சை விட்டு எழுந்திருப்பாங்க? பிள்ளைங்க எழுந்து போயி தட்டு கழுவினாத்தானே நான் உட்கார முடியும்?”

சிந்தியாவின் விரலில் மாவு அப்படியே நின்றது. எங்கோ ஓரத்தில் படுத்திருந்த கேள்வி எழுந்து உட்கார்ந்தது. நீங்க எப்ப சாப்பிடுவீங்க அத்தே?

சாப்பாட்டுக்கு முன் ஜெபம் எல்லார் வீட்டிலும் உண்டு. பின் ஜெபத்தை யாரும் இப்போது சொல்வதில்லை. முன் ஜெபத்தைச் சொல்லிச் சொல்லி, பிள்ளைகளைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு உட்காரவைத்திருந்தார்கள். எழுந்திருக்கச் சொல்லவில்லை.

“நீங்களே சொல்லியிருக்கலாமே அத்தே.”

“மேட்ரன் சொல்லக் கூடாதுடீ. பிள்ளைதான் சொல்லணும். அதுதானே வழக்கம்.”

அன்று இரவுச் சாப்பாட்டில் சிந்தியா ரசம்சாதத் தட்டை அத்தையின் முன்னால் வைத்துவிட்டு, மேஜையின் அந்தப் பக்கம் போய் நின்றாள். அந்த நாற்காலிகளுக்குப் பின்னால் நிற்க அவளுக்குக் கால் கூசியது. கைகூப்பிப் பழைய ஜெபத்தைச் சொன்னாள். தந்த உணவுக்கு நன்றி. தந்தவர்களுக்கு ஆசீர். இறந்துபோன விசுவாசிகளின் ஆன்மாக்கள் ஆண்டவருடைய இரக்கத்தில் இளைப்பாறட்டும். சாப்பாட்டு ஜெபத்தின் முடிவில் இறந்தவர்கள் வருவார்கள் என்பதே அவளுக்கு மறந்து போயிருந்தது. அந்த வரியைச் சொல்லும்போது முதுகில் ஏதோ குளிர்ந்தது. ஆனால் குரல் நிற்கவில்லை.

ரயில் ஒன்று போயிற்று. கண்ணாடி அதிர்ந்து அடங்கியது.

அத்தையின் கலங்கிய கண்கள் மெதுவாக இடமிருந்து வலமாக நகர்ந்தன, ஒரு வரிசை கடந்து போவதைப் பார்ப்பது போல. “தள்ளாம போங்க,” என்றாள். பிறகு தட்டை இழுத்து வைத்துக்கொண்டாள். நாலு வாய் சாப்பிட்டாள்.

சிந்தியா சமையல்கட்டுக்குப் போய் முந்தானையில் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

வெள்ளி, சனி இப்படியே போயிற்று. நாலு வாய், ஐந்து வாய். அதற்கு மேல் இறங்கவில்லை. தட்டைத் தள்ளிவிட்டுப் பின்வாசல் பக்கம் பார்ப்பாள்.

“என்ன அத்தே?”

“ஒண்ணுமில்ல.”

ஞாயிறன்று டிரேவர் பூசை முடித்து நேராக வந்தான். சிந்தியா மட்டன் பிரட்டல் செய்து, சோறு வடித்திருந்தாள். ஆர்டர் பலகாரத்தில் கவனம் போய்ச் சோறு கொஞ்சம் அடிப்பிடித்துவிட்டது. தம்பிக்கு முதலில் போட்டாள். அவன் அத்தைக்கு எதிரில் உட்கார்ந்து, பரீட்சை வைப்பவன் போலப் பார்த்துக்கொண்டே இரண்டு தடவை போட்டுச் சாப்பிட்டான். சிந்தியா ஜெபம் சொன்னாள். அத்தை ஒரு வாய் எடுத்தாள். தட்டிலேயே திரும்ப வைத்துவிட்டாள்.

“என்ன அத்தே, மட்டன் கடிக்க முடியலையா?” என்றான் டிரேவர்.

“எல்லாம் போயிட்டாங்கப்பா. ஒண்ணு மட்டும் லேட்டா வந்திருக்கு. நாலு நாளாக் கதவுகிட்ட நிக்குது. உள்ள வரமாட்டேங்குது.”

டிரேவர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தான். கோபமில்லை, தோற்றுப்போன முகம். “சிஸ்டருக்குப் போன் போடறேன்,” என்று பின்வாசல் வழியாக மழையிலேயே இறங்கிப் போனான். தண்ணீர்த் தொட்டிப் பக்கம் அவன் குரல் கேட்டது. “ஆமா சிஸ்டர், நாளைக்கே…”

சிந்தியா பானையை வழித்து, கடைசியாக மிஞ்சியதைத் தனக்குத் தட்டில் போட்டுக்கொண்டிருந்தாள். மட்டன் சட்டியில் ஒரு துண்டும் கொஞ்சம் மசாலாவும்தான் மிச்சம்.

“யாரு அத்தே அது?” என்றாள், தட்டோடு வந்து.

“தெரியலைடீ. மூஞ்சியை அந்தப் பக்கம் திருப்பிட்டு நிக்குது. கவுனெல்லாம் நனைஞ்சு சொட்டுது. ஒரு பின்னல்ல நீல ரிப்பன். இன்னொண்ணுல ரிப்பன் இல்ல. கட்டுப் போடற துணியைக் கிழிச்சுக் கட்டியிருக்கு.”

சிந்தியாவின் கை தானாகத் தன் பிடரிக்குப் போயிற்று.

போர்டிங்கில் இருந்தபோது ஒரு நாள், ஆஸ்பத்திரிக் கட்டிலில் அம்மா படுத்திருந்தாள். பார்க்கப் போன சிந்தியாவின் ரிப்பன் ஒன்று எங்கோ விழுந்துவிட்டது. நர்ஸ் ஒருத்தி கட்டுத்துணியைக் கிழித்துப் பின்னலில் கட்டிவிட்டாள். மழையில் நடந்து போர்டிங் வந்து சேர்ந்தபோது பெஞ்சுகள் காலியாக இருந்தன, ஜெபம் முடிந்து தட்டுகள் கழுவியாயிற்று. அத்தை தன் தட்டை எடுத்து அவள் முன்னால் வைத்தாள். நீங்க சாப்பிடலையா அத்தே? நான் அப்பவே சாப்பிட்டேன், நீ சாப்பிடு. பிறகு தண்ணீர் குடிக்கப் போன சிந்தியா, சமையல்கட்டுக் கதவோரம் நின்று பார்த்தாள். அத்தை சுவர்ப்பக்கம் திரும்பி நின்று பானையில் அடிப்பிடித்த காந்தலைச் சுரண்டித் தின்றுகொண்டிருந்தாள்.

அம்மா அந்த ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பவில்லை. அந்தத் தட்டைப் பற்றி அத்தையும் பேசியதில்லை, அவளும் பேசியதில்லை.

இப்போது கதவருகே யாரும் இல்லை. திறந்த கதவு, சாரல், ஈரமான சிவப்புத் தரை. சிந்தியா தன் தட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு போனாள். கதவுக்குப் பக்கத்தில் இருந்த ஸ்டூலில் வைத்தாள். ஒரு கணம் அங்கேயே நின்று, ஒரு சின்னப் பெண்ணின் தலை இருக்கும் உயரத்தில் வெறும் காற்றைப் பார்த்தாள். பிறகு திரும்பி வந்துவிட்டாள்.

டிரேவர் சொட்டச் சொட்ட உள்ளே நுழைந்தான். ஸ்டூலில் தட்டைப் பார்த்தான்.

“இது யாருக்கு?”

“லேட்டா வந்தவங்களுக்கு. உட்கார்ந்து சாப்பிடு,” என்றாள் சிந்தியா.

அவனுக்குச் சண்டை போடத் தெம்பில்லை. மழையில் நின்றது வேறு மறுபடி பசியைக் கிளப்பியிருந்தது. வாசற்படியிலேயே உட்கார்ந்து, தட்டை மடியில் வைத்துக்கொண்டு பிசைந்தான். எலும்பை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

அத்தையின் முகம் அந்தச் சத்தத்தின் பக்கம் திரும்பியது. நெற்றிச் சுருக்கம் ஒவ்வொன்றாகப் பிரிந்தது.

“சாப்பிடுது,” என்றாள் மெதுவாக. “பாவம், என்ன பசி!”

டிரேவர் வாயில் சோற்றோடு நிமிர்ந்து பார்த்தான். சிந்தியா உதட்டில் விரலை வைத்தாள். அவன் கடைசி வாயை விழுங்கும்வரை காத்திருந்து, நாற்காலிகளுக்குப் பின்னால் போய் நின்று கைகூப்பினாள். ஜெபத்தின் கடைசி வரிக்கு டிரேவரும், காரணம் தெரியாமலே, ஆமென் சொன்னான்.

அத்தை தட்டைத் தன் பக்கம் இழுத்தாள். மட்டனை விரலால் நசுக்கிச் சோற்றோடு சேர்த்துப் பிசைந்தாள். ஒரு வாய். இன்னொரு வாய். உப்பு பத்தலை என்றாள். ரசம் கேட்டாள். டிரேவர் வாசற்படியை விட்டு எழுந்திருக்கவே இல்லை. அசைந்தால் ஏதாவது கலைந்துவிடுமோ என்பதுபோல் காலித் தட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அத்தை தட்டை விரலால் வழித்தபோது அவன் போனை எடுத்தான்.

“சிஸ்டர், நான்தான். நாளைக்கு வேணாம். இல்ல சிஸ்டர்… சாப்பிட்டுட்டாங்க.” காலித் தட்டைக் கீழே வைத்தான். “சாப்பிட்டுட்டாங்க, அவ்வளவுதான்.”

அத்தை கை கழுவிக்கொண்டே கேட்டாள். “சிந்தி, நீ சாப்பிட்டியாடீ?”

“நான் அப்பவே சாப்பிட்டேன் அத்தே.”

அத்தை தலையாட்டினாள். டிரேவர் அவளைத் தாங்கிக் கட்டிலுக்குக் கூட்டிப் போனான். அறையில் அவன் ஏதோ சொல்ல, அத்தை அவனுடைய வழுக்கையைக் கேலி பண்ணுவது கேட்டது.

சிந்தியா தட்டுகளை அடுக்கிக்கொண்டு சமையல்கட்டுக்கு வந்தாள். பானையின் அடியில் காந்தல் ஒட்டியிருந்தது. கொஞ்சம் தண்ணீர் தெளித்துக் கரண்டியால் சுரண்டினாள். சுவர்ப்பக்கம் திரும்பி நின்று தின்றாள். கசப்பும் புகையுமாக, சூடாக இருந்தது.

முதுகுக்குப் பின்னால், கதவோரம், யாரோ நின்று பார்ப்பது போலிருந்தது. ஈரத் துணியின் வாடைகூட வந்தது. அவள் அவசரப்படவில்லை. மென்று விழுங்கி, வாயைத் துடைத்துக்கொண்டு, திரும்பிப் பார்த்தாள்.

யாருமில்லை.